பிள்ளை ‘கேமிங் பிசி’ கேட்கிறானா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்



இந்த மாதம் மட்டும் நாலு பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “சார், பையன் கம்ப்யூட்டர் கேட்கிறான். கேமும் ஆடணுமாம், வீடியோ எடிட்டிங்கும் பண்ணணுமாம். கடையில் எண்பதாயிரம், லட்சம் என்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?” தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

என் பதில்: வாங்கிக் கொடுங்கள். ஆனால் கடைக்காரர் தயாராகக் கட்டி வைத்திருக்கும் ‘கேமிங் செட்’ வேண்டாம். என்னென்ன பாகம் என்ற பட்டியலைப் பிள்ளையே எழுதட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஏன் இது என்று உங்களிடம் சொல்லட்டும். சொல்ல முடியாத வரிக்குப் பணம் கிடையாது.

கேம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற அப்பாக்களுக்கு ஒன்று. கேமுக்குப் படம் வரைந்து காட்டும் அதே கிராபிக்ஸ் கார்டுதான் பிளெண்டரில் முப்பரிமாண உருவம் செய்யவும், டாவின்சி ரிசால்வில் கல்யாண வீடியோவுக்கு நிறம் திருத்தவும் உழைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி இயந்திரம் வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் வீடுகளில் பாதிப் பேர் லேத்திலோ, சிஎன்சி-யிலோ, அசெம்பிளி லைனிலோ நின்றவர்கள். 6205 பேரிங் என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். 24 மில்லி ஷாஃப்டை எடுத்து வந்து “எப்படியாவது போடு” என்று யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டரிலும் அப்படியே. பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏஎம்டி-யில் பழையது ஏஎம்4, 2022-இல் வந்தது ஏஎம்5. இன்டெலில் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700, அதற்குப் பின் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஒன்றில் போவது இன்னொன்றில் போகாது. ராமும் அதே கதை. டிடிஆர்4-இன் வெட்டு ஓரிடத்தில், டிடிஆர்5-இன் வெட்டு வேறிடத்தில். அழுத்தினால் போர்டுதான் போகும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டும் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700-இல்தான் குழப்பம்: ஒரே பெயருள்ள மதர்போர்டு டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என்று வருகிறது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும்.

2025 கடைசியில் இருந்து ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை ஏறிவிட்டது. அதனால் “வீட்டில் பழைய ராம் இருக்கிறது சார், அதையே போட்டுக்கொள்ளலாமா” என்கிறார்கள். அது டிடிஆர்4 என்றால், அதை ஏற்கும் போர்டும் பிராசஸரும் வாங்கினால் போட்டுக்கொள்ளலாம். வேகம் கொஞ்சம் குறைவு, மிச்சம் நிறைய. தப்பே இல்லை.

இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. “கார்டை அடுத்த போனஸில் வாங்கிக்கொள்ளலாம்” என்று திட்டம் போடுகிறவர்கள் எஃப் இல்லாததை எடுங்கள். கார்டு எத்தனை மில்லி நீளம், கேபினெட் எத்தனை மில்லி இடம் தருகிறது என்பதை இணையத்திலேயே பார்க்கலாம். அளவு எடுக்கத் தெரியாத ஊரா நம் ஊர்?

இதுவரை சொன்னது பொருத்தம். இதைச் சரிபார்க்க இணையதளங்கள் உண்டு, பிள்ளைகளுக்கே தெரியும். அவர்களுக்குத் தெரியாத இடம் அடுத்தது. பொருந்துவது வேறு, சேர்ந்து உழைப்பது வேறு.

என் பழைய மாணவர் ஒருவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. மகன் கல்யாண வீடியோ எடிட் செய்து ஸ்டுடியோவுக்குக் கொடுக்கிறான், படிப்புச் செலவை அதில்தான் பார்த்துக்கொள்கிறான். ஓவர்டைம் காசைச் சேர்த்து அப்பா ஒரு செட் வாங்கிக் கொடுத்தார். ஐ5 12400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வானவில் விளக்கு. எல்லாம் பொருந்தியிருந்தது. ஆனால் வீடியோவை ஏற்றுமதி போட்டால் பாதியில் இயந்திரம் அணைந்துவிடும். இரண்டு ராத்திரி போய், மூன்றாம் நாள் ஸ்டுடியோக்காரர் அடுத்த வேலையை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

போய்ப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் வெளியே பெரிதாக 500 வாட். பக்கத்தில் ஒட்டியிருந்த லேபிளில் 12 வோல்ட் வரியில் 20 ஆம்பியர். பதினோராம் வகுப்புக்குப் போக வேண்டாம், பத்தாம் வகுப்பே போதும்: 12 பெருக்கல் 20, 240 வாட். பிராசஸரும் கார்டும் உயிர்வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான். அந்தப் பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். கார்டு 115. இரண்டும் சேர்ந்து 232. விசிறி, டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை, கார்டு கண நேரத்துக்கு எகிறி இழுப்பதும் வரவில்லை. கேம் ஆடும்போது பிராசஸர் முழுதாக உழைக்காததால் தப்பித்திருக்கிறது. எடிட்டிங்கில் இரண்டும் சேர்ந்து இழுத்ததும் மூச்சு நின்றுவிட்டது. நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் மாற்றியதும் தீர்ந்தது. விளக்குக்கும் கண்ணாடிக்கும் கொடுத்த பணத்தை முதலிலேயே அதில் போட்டிருந்தால் ஸ்டுடியோ வேலை கையைவிட்டுப் போயிருக்காது.

அதே செட்டில் 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருந்தது. இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழியாகத் தரவு ஓடும், அதுவே ஒரு வேகம். அந்த போர்டில் இன்னொரு இடம் காலியாகவே கிடந்தது.

எனவே பட்டியலை வேலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். போட்டோஷாப், ஓவியம் என்றால் ராமும் திரையின் நிறத் துல்லியமும் முக்கியம், பெரிய கார்டு வீண். பிளெண்டர் என்றால் கார்டின் சொந்த நினைவகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பழைய ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி வகை உண்டு, அதற்குப் பின் வந்த 4060-இல் 8 தான். எண் பெரிதானால் எல்லாமே பெரிதாகிவிடாது. பாட்டு, இசை மட்டும் என்றால் தனி கார்டே வேண்டாம். கேம் முக்கியம் என்றால் முதலில் மானிட்டரைக் கேளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்துக்கொண்டு வினாடிக்கு 140 படம் தள்ளும் கார்டு வாங்கினால் பாதிக்கு மேல் கண்ணுக்கே வராது.

ஊரையும் கணக்கில் எடுங்கள். ஓசூர் மேட்டில் இருக்கிறது, சித்திரையிலும் ராத்திரி குளிரும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் அப்படி இல்லை. இங்கே நன்றாக ஓடும் பெட்டி அங்கே மேஜைக்கடியில் வெந்துபோகும். முன்பக்கம் கண்ணாடி அடைத்த கேபினெட் வேண்டாம், வலை போட்டதும் தூசி வடிகட்டி உள்ளதும் எடுங்கள். கிரானைட் அறுக்கும் ஊரில் தூசிக்குக் கேட்க வேண்டுமா! லைன் வீடுகளில் மூன்றாவது முள்ளுக்கு எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றால் அது கம்ப்யூட்டரின் குற்றமல்ல. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், அதுவும் சேமித்து மூடுகிற சில நிமிடங்களுக்கு.

வாங்கும் இடம் பற்றியும் கேட்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், அதனால் நம் பிள்ளைகள் சென்னை ரிச்சி தெருவை நினைப்பதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒன்றே, உதிரிகளுக்கு 18 சதவீதம். “பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘கம்ப்யூட்டர் செட் - 1’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து கார்டு போகும்போது வாரண்டிக்கு எதைக் காட்டுவீர்கள்? ஓசூரிலேயே பில்லோடு சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் நான் இங்கேயே வாங்குவேன். கெட்டுப்போனால் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போகலாமே.

பட்டியல் தயாரானவர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் லேபிளின் போட்டோவும் சேர்த்து அனுப்ப வேண்டும். எஸ்.பி. ரோட்டுக்கே போவது என்று முடிவு செய்தால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நிறைய கடைகளுக்கு விடுமுறை.