கண்ணாடி ஏறத் தயங்கினால்...

ஆண்டு இறுதி விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் புறப்படுகிறவர்கள் டயர், பிரேக், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். கதவுக் கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், தானா ராத்தாவின் விடியற்காலைக் குளிரில் அது பாதியில் நின்று முனகும்போதுதான் ஞாபகம் வரும். பத்து, பதினைந்து வயதைத் தாண்டிய கார்களில் இது சகஜம்.

உண்மையில் பழி குளிருக்கு மட்டும் இல்லை. நம் ஊர் வெயில் கெடுத்து வைத்ததைத்தான் குளிர் காட்டிக்கொடுக்கிறது. கண்ணாடி இரு பக்கமும் ரப்பர் தடத்துக்குள் ஏறி இறங்குகிறது. பல வருடம் வெயிலில் நின்ற காரில் அந்த ரப்பர் காய்ந்து இறுகிவிடும். இடுக்கில் தூசியும் அடைந்துகொள்ளும். குளிரில் ரப்பர் இன்னும் விறைக்கிறது, கதவுக்குள் இருக்கும் கிரீஸ் கெட்டியாகிறது, பேட்டரியின் வலுவும் சற்றுக் குறைகிறது. மூன்றும் சேர்ந்தால் மோட்டார் திணறத்தானே செய்யும்?

என் பழைய காரின் கண்ணாடி இப்படி மக்கர் செய்தபோது, ஒரு பட்டறையில் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். எங்கள் தாமானில் கார் பழுதுபார்க்கும் அண்ணன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தங்கச்சி, மோட்டாரைக் குறை சொல்லாதே. அது தள்ளுது, ரப்பர்தான் விடமாட்டேங்குது.”

அவர் காட்டிய சோதனைகளை நீங்களும் செய்து பார்க்கலாம்.

எல்லாக் கண்ணாடிகளும் மெதுவாக ஏறினால், இன்ஜினை முடுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்.

ஒரு கண்ணாடி மட்டும் தயங்கினால், ஒருவர் பொத்தானை அழுத்தட்டும். இன்னொருவர் இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை இருபுறமும் பிடித்து மேலே தள்ளட்டும். விரல்கள் விளிம்புக்குப் போகக்கூடாது. கைகொடுத்ததும் சுலபமாக ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரப்பர் தடத்தை.

ஓட்டுநர் பக்கப் பொத்தானுக்கு அசையாத கண்ணாடி, அந்தக் கதவின் சொந்தப் பொத்தானுக்கு ஏறினால் கோளாறு பொத்தானில் இருக்கலாம். கதவுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டாலோ, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறினாலோ உள்ளே கம்பியோ பல்சக்கரமோ போயிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ரப்பர்தான் காரணம் என்றால் வேலை எளிது. கண்ணாடியை முழுதாக இறக்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் அடிக்கோலில் ஈரத்துணியைச் சுற்றி, தடத்தை மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் மோட்டார்மேல் பரிதாபம் வரும். நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து, கண்ணாடியைச் சில முறை ஏற்றி இறக்குங்கள். இன்ஜின் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். அவை ரப்பரை ஊதவைக்கும், தூசியையும் இழுக்கும்.

கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள். சூடேறிய மோட்டாரைக் காக்க அதற்குள் இருக்கும் அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சில நிமிடம் ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டும் இயங்கும். இந்தத் திணறலை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் நல்ல மோட்டாரும் உண்மையிலேயே கருகும். அதைவிட, அடைமழை இரவில் பாதி திறந்த கண்ணாடியோடு காரை வெளியே நிறுத்தினால் இருக்கை நனையும், கதவுப் பொத்தானுக்குள் தண்ணீர் இறங்கும், திருடனுக்கும் வழி திறந்திருக்கும்.

ஒரு விஷயம். சுத்தம் செய்தபின் கண்ணாடி விறுவிறுவென்று ஏறும். பல பழைய கார்களில், கை சிக்கினால் தானாக இறங்கும் வசதி கிடையாது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தால் ஜன்னல் பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு மலையேறுங்கள்.