நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

மகளிர் குழுக்களை விமர்சித்து ஒரு வார்த்தை எழுதினால் போதும், இரண்டு பக்கமிருந்தும் அடி விழும். "பெண்கள் முன்னேறுவது பொறுக்கவில்லையா?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். "நம்ம தெரு விவகாரத்தை ஏன் சந்திக்கு இழுக்கிறீர்கள்?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

இளையரசனேந்தல் கரிசல் பூமி. புரட்டாசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போடுகிற ஊர்கள். மழை ஏய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு வேலை, நூறு நாள் வேலை. நம் தெருவில் நிலம் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூலி தினமும் சில்லறையாக வருகிறது. செலவோ மொத்தமாக வருகிறது: ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம், நடுராத்திரியில் ஆஸ்பத்திரி, திடீரென்று ஒரு சாவு. அந்த நேரத்தில் கந்துவட்டிக்காரன் வீட்டுக்குப் போகாமல் இருக்கத்தான் குழு. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலிக் குடும்பமே, இரண்டு பச்சைப் பிள்ளைகளோடு, எரிந்துபோனது. ஆகவே குழுவைக் கலைத்துவிடச் சொல்லும் வாதம் எங்களுடையது அல்ல. குழு இருக்க வேண்டும். யாருக்காக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து ஐந்து கொள்கைகளைப் பாடம்போல் சொல்லித் தருகிறார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாத திருப்பிச் செலுத்தல், முறையான கணக்குப் புத்தகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஐந்தில் ஒன்றாவது, கடன் யாருக்கு முதலில், வந்த லாபம் யாருக்கு எவ்வளவு, நோட்டு யார் வீட்டில் என்று சொல்கிறதா?

கூட்டம் நடக்கிற நேரத்தைப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். வங்கி அதிகாரி வருவது பகல் பதினொரு மணிக்கு. அந்நேரம் வீட்டில் இருக்க முடிகிற பெண் யார்? தினக்கூலிக்குப் போகாதவள். ஆகவே தலைவி அவள், ஊக்குநர் அவளது மதினி. தீப்பெட்டி ஆபீஸ் வேன் இறக்கிவிட்டு இருட்டில் வீடு திரும்புகிறவள் வெறும் உறுப்பினர். கூட்டத்துக்கு வராததற்கு அபராதமும் அவள்தான் கட்டுகிறாள். கலப்புக் குழுவென்றால் கூட்டம் ஊர்த்தெருத் திண்ணையில். நம் பெண்கள் கீழே உட்கார்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருகிறார்கள். தீர்மான நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "அக்கா எழுதிக்கிடும்" என்கிறார்கள். நூறாண்டுக்கு முன் பண்ணையார் வீட்டுக் கணக்கிலும் கைநாட்டு இப்படித்தான் வாங்கப்பட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மாணவத் தோழர்கள் தங்கள் அம்மாவின் குழு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

பதினைந்து பெண்கள், மாதம் ஆளுக்கு 200 ரூபாய். இரண்டு வருடத்தில் 72,000 ரூபாய் சேர்கிறது. அதில் மூன்று பேர் ஆளுக்கு 20,000 ரூபாய் உள்கடன் வாங்குகிறார்கள். மாதம் இரண்டு வட்டி, பத்து மாதம், அசல் கடைசியில். ஆளுக்கு 4,000 ரூபாய் வட்டி, மூன்று பேருக்கும் சேர்த்து 12,000. இதைப் பதினைந்து பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 800. சமம்தானே என்று தோன்றும். ஆனால் வாங்கியவள் 4,000 கட்டி 800 திரும்பப் பெறுகிறாள். கடனே தேவைப்படாதவளுக்கும் அதே 800. இருக்கிறவள் வீட்டுக்கு இல்லாதவள் கட்டுகிற வட்டி, 'சமத்துவம்' என்ற பெயரில்.

இதற்கு மாற்று இல்லையா? இங்கிலாந்தில் ராச்டேல் ஊர் நெசவாளர்கள் 1844-இல் கூட்டுறவுக் கடை ஆரம்பித்தபோதே இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். பணம் போட்டவனுக்கு அளவான வட்டி, மிச்ச லாபம் கடையில் சாமான் வாங்கியவனுக்கு அவன் வாங்கிய அளவுக்கு என்று தீர்த்தார்கள். நம் கணக்கில் அதைப் பொருத்தினால்: 12,000-இல் பாதியைச் சேமிப்புக்காக எல்லோருக்கும் பிரித்தால் தலைக்கு 400. மறுபாதியைக் கட்டிய வட்டிக்கேற்பத் திருப்பினால் மூன்று பேருக்கும் ஆளுக்கு 2,000. கடன் வாங்கியவளுக்கு 2,400 கிடைக்கிறது. தீர்மான நோட்டில் நாலு வரி எழுதினால் நடக்கிற காரியம் இது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த மூன்று கடனும் யாருக்குப் போகிறது என்பது முதலில் வெளிச்சத்துக்கு வர வேண்டும். தலைவியின் சொந்தங்களே வாங்கி, இரண்டு வட்டிப் பணத்தை வெளியே ஐந்து வட்டிக்கு விட்டால்? 20,000 ரூபாய்க்கு மாதம் 600 ரூபாய் சும்மா கிடைக்கிறது. பத்து மாதத்துக்கு 6,000. அந்த ஐந்து வட்டியைக் கட்டுகிறவள் பல நேரம் அதே குழுவில் கடன் கேட்டு, "இப்ப பணம் இல்லட்டி" என்று திருப்பி அனுப்பப்பட்டவள். தன் சேமிப்பையே தனக்கு வட்டிக்கு வாங்குகிறாள். கந்துவட்டியை ஒழிக்க வந்த குழு, கந்துவட்டிக்கு முதல் போடுகிற கிடங்காகிவிடுகிறது.

வங்கிக் கடனில் இது இன்னும் பெரிசு. குழுவுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்றிருந்ததை 2021-இல் ரிசர்வ் வங்கி 20 லட்சம் வரை நீட்டியது. நல்லது. ஆனால் பதினைந்து பேர் பெயரில் வரும் பணத்தில் நான்கு பேர் பங்கு யார் கைக்குப் போகிறது என்று வங்கி கேட்பதில்லை. டியூ கட்டினால் சரி. கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கியிருந்த சுமார் 2,756 கோடி ரூபாய்க் கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. தள்ளுபடி யார் பெயரில், வாங்கிச் செலவழித்தது யார், நடுவில் கட்டியது யார் என்று ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும்.

முறைகேட்டைத் தடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கண்காணிப்பு எப்போதும் கீழ் நோக்கித்தான் பாய்கிறது. கடன் வாங்கியவள் பிள்ளைக்கு மொய் செய்தாளா, சேலை எடுத்தாளா என்று வேவு பார்ப்பார்கள். நோட்டு வைத்திருப்பவளை ஒருவரும் கேட்பதில்லை. மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகள் இதை ஒரு தொழில்நுட்பமாகவே ஆக்கிவிட்டன: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூல்காரர் திட்டத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரியே திட்டுவாள். 2010-இல் ஆந்திராவில் இந்த முறை தற்கொலைகளில் போய் முடிந்து, மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அதே வருடம்தான் அத்தொழிலின் மிகப் பெரிய கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை தரக் கூடாது, ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. நம் தெருவில் ராத்திரி எட்டு மணிக்கு பைக் நிற்கிறதா இல்லையா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இனி நம் இயக்கத்து அண்ணன்களிடம் வருவோம். "தலித் குழுவைப் பற்றிக் குறை சொன்னால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும்" என்பது அவர்கள் வாதம். எதிரிக்கு வாய்ப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, நம் தெருப் பெண்ணின் சேமிப்பு நம் தெருவிலேயே காணாமல்போன நாளில். பல இடங்களில் தலைவி பெயரளவுக்குத்தான், பாஸ்புக் அவள் வீட்டு ஆண்பிள்ளையின் சட்டைப் பையில். சாதிக்குள் சாதி பார்த்து அருந்ததியர் பெண்களைக் கடைசி வரிசையில் நிறுத்துகிற குழுக்களும் இருக்கின்றன. அரசு வேலையிலும் கல்வியிலும் பங்கு கேட்டு 2009-இல் 3 சதவீதம் பெற்றவர்கள், குழு நோட்டிலும் பங்கு கேட்டால் அதைப் பிளவுவாதம் என்பதா? எவ்வளவு பெரிய மனிதர் ஆனாலும் தன் உரிமையை அவர் காலடியில் வைக்காதே என்று பாபாசாகேப் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். தெருத் தலைவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு கிடையாது.

இளையரசனேந்தல் பக்கத்துப் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு வினை உண்டு. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இந்தப் பிர்காவை வருவாய்க் கணக்கில் கோவில்பட்டி வட்டத்துக்கு, தூத்துக்குடி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஊராட்சிகளைக் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விட்டார்கள். அந்த ஒன்றியம் 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்துக்குள் போனது. சாதிச் சான்றுக்கு ஒரு திசை, குழு விவகாரத்துக்கு வேறு திசை என்று மக்கள் வருடக்கணக்கில் அலைந்து, மறியலும் செய்தார்கள். ஒருநாள் கூலியை விட்டு பஸ் ஏறி, "இது எங்க மாவட்டம் இல்லம்மா" என்ற பதிலோடு திரும்புகிறவள் இரண்டாம் முறை புகார் செய்ய மாட்டாள். ஏமாற்றுகிறவருக்கு இது நன்றாகவே தெரியும்.

படித்த பிள்ளைகள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். வரவு செலவு நோட்டைத் தலைவியல்ல, கடைசியாகச் சேர்ந்த உறுப்பினரோ அவள் மகளோ சத்தம்போட்டு வாசிக்கட்டும். ஒவ்வொரு பெண்ணிடமும் தன் பெயரில் உள்ள கடன் எழுதிய தனிப் புத்தகம் இருக்கட்டும். வங்கியில் எடுத்த பணம் அன்றே, எல்லோரும் கூடிய இடத்தில், பெயர் சொல்லிப் பிரிக்கப்படட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவி மாறட்டும், பழைய தலைவியின் வீட்டாள் அல்லாதவர் வரட்டும். புகார் கொடுத்தவளைத் தள்ளிவைத்தால் அதையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கேலி செய்வார்கள், "நாலெழுத்து படிச்சதும் கணக்குக் கேக்க வந்துட்டா" என்பார்கள். கேட்கத்தானே படித்தோம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த சபைக்குள் உங்கள் தெருக் குழுக்களின் கடந்த மூன்று வருட உள்கடன் பட்டியலைப் பெயர்வாரியாக எழுதி முடியுங்கள். தலைவி நோட்டைத் தர மறுத்தால், மறுத்த தேதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.