கரை யாருடைய சொத்து?



திருச்சியிலிருந்து கடல் வெகுதொலைவில் இருக்கிறது. மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று எத்திசை நோக்கினாலும் அலை தெரியாது. காவிரி தெரியும், கொள்ளிடம் தெரியும், இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு தெரியும். ஆகவேதான், "கடற்கரையிலே உல்லாச விடுதி எழுந்தால் நமக்கென்ன, எழாவிட்டால் நமக்கென்ன?" என்று நம் படிப்பகங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள், கேள்விதான் நல்லதன்று.

சோழநாட்டுக் கடற்கரை வானத்திலிருந்து விழுந்ததன்று. காவிரியும் கொள்ளிடமும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து சென்று கொட்டிய மணலும் வண்டலும் சேர்ந்து உண்டான கரை அது. முக்கொம்பில் பிரிந்து, திருவரங்கத்தை இருபுறமும் அணைத்துச் செல்லும் ஆறுகள் செய்த வேலை அது. நம் வாசலைக் கடந்து போன மணலின்மீது எவரோ வேலி கட்டுகிறார் என்றால், அது நமக்கு அயல்வீட்டுச் செய்தியாகுமா?

விருந்தாளியை வெறுப்பவர்களா நாம்?

சுற்றுலாவின் பகைவர்கள் என்று மாற்றார் நம்மைத் தூற்றுவார்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுவோம். திருவரங்கத்தின் நிழலில் வாழ்கிறவன் வழிப்போக்கனை எப்படி வெறுப்பான்? வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப்பெருக்குக்கும் வந்து குவியும் கூட்டத்தால் பூக்காரி பிழைக்கிறாள். இட்டிலிக் கடைக்காரர் பிழைக்கிறார். ஆட்டோ ஓட்டும் தோழர் பிழைக்கிறார். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி இராஜகோபுரத்தைக் காண வெளிநாட்டாரும் வருகிறார்கள். வரட்டும்; மகிழட்டும்!

அம்மா மண்டபப் படித்துறையிலே இலட்சாதிபதியும் முங்குகிறான்; லாரித் தொழிலாளியும் முங்குகிறான். "இந்தப் பத்துப் படிகள் என் விடுதியில் அறை எடுத்தவர்க்கு மட்டும்" என்று எவனும் அங்கே பலகை மாட்டவில்லை. படித்துறை பொதுவாக இருப்பதால்தான், அதைச் சுற்றிலும் ஆயிரம் அடுப்புகள் எரிகின்றன.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏழு சுற்று மதில்கள் கொண்ட ஊர் இது. மதிலின் வரலாறு நமக்குத் தெரியும். பிறப்பைக் காரணம் காட்டி எத்தனை தலைமுறைகளை வெளியே நிறுத்தினார்கள்! மக்கள் போராடினார்கள், 1947-இல் சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது, அதன் பிறகே உள்ளே செல்வது எல்லோருடைய உரிமையாயிற்று. பிறப்பைக் கேட்டு மறித்த கதவைத் திறந்த நாம், பணப்பையைக் கேட்டு மறிக்கும் வேலியை வளர்ச்சி என்று வணங்குவதா? இதுவே இன்றைய கேள்வி.

ஐந்நூறு ஐம்பதான கதை

1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் தூரம் கட்டடங்களின்றி இருக்க வேண்டும் என்றது கடிதம். பத்தாண்டுகள் கழித்து, 1991 பிப்ரவரியில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 500 மீட்டரும் கட்டுப்பாட்டுக்குரியது. ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக்கட்டடம் கூடாது என்று அது விதித்தது.

மூன்றே ஆண்டுகள்! 1994-இல் டில்லி அந்த விதியைத் தளர்த்தியது. வேண்டிய இடத்தில் 200 மீட்டர்த் தடையை விலக்கும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கடல்நீர் ஏறும் ஆற்றுக் கரைகளில் இருந்த 100 மீட்டர்த் தடையை 50 ஆக்கியது. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் செல்லாதவை என்று தள்ளியது. தீர்ப்பைக் கேட்டுத் திருந்தினார்களா? இல்லை; காத்திருந்தார்கள். 2019 ஜனவரியில் வெளிவந்த புதிய அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறக் கரைகளில் 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. மணற்பரப்பிலேயே தற்காலிகச் சுற்றுலாக் குடில்கள் போடவும் வழி பிறந்தது. அலைக்கும் குடிலுக்கும் நடுவே பத்து மீட்டர் விட்டால் போதுமாம்!

மக்கள் நெருக்கம் மிகுந்த கரை எது? மீனவர் குப்பங்கள் நிறைந்த கரை. "கடலோர மக்களுக்கு வீடு கட்ட வழி செய்கிறோம்" என்று அவர்கள் பெயரைச் சொல்லியே இதை விற்றார்கள். திறந்துவிட்ட நிலத்தில் முதலில் கால் வைப்பவன் ஓலைக் குடிசைக்காரனா, ஒப்பந்தப் பத்திரத்தோடு வருகிறவனா? பாமரனும் அறிவான் விடையை!

அலைக்குக் கண் உண்டா?

2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியுமா? நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை கொண்டு போயிற்று. கண்ணீர் காயுமுன், 2005 மார்ச்சில், மாநில அரசின் 172-ஆம் எண் ஆணை பிறந்தது. 200 மீட்டருக்குள் வாழ்வோர் அப்பால் செல்ல ஒப்பினால் புது வீடு உண்டு. ஒப்பாதவர்க்கு உதவி இல்லை என்றது அந்த ஆணை. கடலுக்கு அப்புறம், இலங்கையிலும் இதே கதை. தெற்கே 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கோடு கிழித்தார்கள். குடிசைக்குத் தடை, சுற்றுலா விடுதிக்கு விலக்கு! அறுகம் குடாவின் மீனவர்கள் வீதிக்கு வந்து முழங்கினார்கள்.

2005-இல் அலைக்கு அஞ்சி மீனவன் 200 மீட்டர் பின்வாங்க வேண்டும். 2019-இல் அதே அலையை நோக்கிக் கட்டடம் 50 மீட்டர் வரை முன்னேறலாம்! அலைக்குக் கண் உண்டா? குடிசையை அடையாளம் கண்டு அடித்து, மாளிகையை மன்னித்து விடுமா?

விடுதிக்காரனுக்குக் கடற்கரை ஒரு காட்சி. மீனவனுக்கு அது தொழிற்சாலை. படகு ஏறும் இடம் அது. வலை காயும் இடம் அது. கருவாடு உலரும் இடம் அது. பெண்கள் ஏலம் கேட்டு மீன் எடுக்கும் சந்தையும் அதுதான். 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி, சென்னை மெரினா வளைவுச் சாலையில் மீன் கடைகளை அகற்ற முனைந்தபோது, நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையை மறித்து நின்றது இதனால்தான். குப்பம் இருந்த இடத்துக்குச் சாலை வந்ததே தவிர, சாலை இருந்த இடத்துக்குக் குப்பம் வரவில்லை!

மேலே மணல் கொள்ளை, கீழே கரை கொள்ளை

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1934 முதல், மேலே இருந்து வரும் மணலின் பெரும்பகுதியை மேட்டூர் அணை தடுத்து நிறுத்துகிறது. எஞ்சிய மணலை ஆற்றின் வயிற்றிலிருந்து இயந்திரங்கள் அள்ளின; லாரிகள் சுமந்தன. விளைவு என்ன? 2018 ஆகஸ்டில், 1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் நாள், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் நீரோடு போயின. "வெள்ளம்" என்றார்கள் அதிகாரிகள். மணலிலே நின்ற தூண், மணலைப் பறித்த பின் எதிலே நிற்கும் என்று கேட்டார்கள் கரையோர மக்கள்.

மணல் போய்ச் சேராத கடற்கரையைக் கடல் தின்னும். அந்தக் கரை கடலரிப்பை முன்பே அறிந்த கரை. தரங்கம்பாடியிலே 1306-இல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அப்படிப்பட்ட கரைக்கு வரும் மணலையும் வழியிலேயே பறிக்கிறோம். பிறகு கருங்கல்லைக் கொட்டிக் காக்கிறோம்!

கணக்கு புரிகிறதா, தோழர்களே? ஆற்று மணலை அள்ளி விடுதி கட்டுவது. மணலின்றிக் கரை அரிந்தால் மக்கள் வரிப்பணத்தில் கல்லைக் கொட்டி அந்த விடுதியைக் காப்பது! இலாபம் ஒருவருக்கு, நட்டம் ஊருக்கு.

"வேலை கிடைக்குமே!"

ஆம், இந்த வாதத்தை அலட்சியம் செய்யக் கூடாது. வேலை தேடி நம் பிள்ளைகள் திருச்சி விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். 2024 ஜனவரி 2-இல் அங்கே புதிய முனையம் திறந்தபோது, பயணிகள் வந்து இறங்கும் வாயில் என்று புகழ்ந்தார்கள். நம் தாய்மார்களுக்கோ அது பிள்ளைகளை வழியனுப்பும் வாயில்! வேலை வேண்டும், ஆனால் எந்த வேலை? சொந்தக் கரையிலே படகுக்காரனாக இருந்தவன், வேலிக்கு வெளியே காவற்காரனாக நிற்பது வேலையா, இறக்கமா?

மாலத்தீவைப் பாருங்கள். 1972-இல் அங்கே சுற்றுலா தொடங்கிற்று; ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது முறை. விருந்தாளி ஒரு தீவில், ஊர்மக்கள் வேறு தீவில். குடிமக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை நடத்த 2009 முதல் இடம் கொடுத்தார்கள். அதன் பிறகே ஊர்க்காரர் தம் வீட்டு அறையை வாடகைக்கு விடவும், தம் படகில் விருந்தாளியை ஏற்றவும் வழி பிறந்தது. கடல் மாறவில்லை, மணல் மாறவில்லை, வருமானம் சேரும் கை மாறிற்று.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஆற்றுப் புறம்போக்கும் கடற்கரைப் புறம்போக்கும் எவருக்கும் குத்தகைக்குப் போகக் கூடாது. எந்த விடுதியின் பக்கமாகவும் அலை வரை செல்லும் பொதுப்பாதை திறந்திருக்க வேண்டும். மீனவர் ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலின்றிக் கரையில் ஒரு கல்லும் ஊன்றக் கூடாது. விருந்தினர் இல்லம் நடத்த முதல் உரிமையும் கடனுதவியும் ஊர்மக்களுக்கே தரப்பட வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் இயந்திரம் வைத்து மணல் அள்ளுவது அடியோடு நிற்க வேண்டும்.

இவற்றைத் தீர்மானமாக எழுதிக் கோப்பிலே கட்டி வைத்தால் போதாது. உறையூரிலும் திருவானைக்காவிலும் தேநீர்க் கடைகளில் பேசுங்கள். படித்துறைக்கு வரும் தாய்மார்களிடம் கேளுங்கள்: "நாளை இந்தப் படியில் இறங்க ஒருவன் சீட்டுக் கேட்டால் கொடுப்பீர்களா?" அவர்கள் சொல்லும் பதிலைப் பூம்புகாருக்கும் பழையாற்றுக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

ஆறு கொண்டுபோய்க் கொட்டிய மணலுக்கு ஆறு விலை கேட்கவில்லை. அதற்கு விலைச்சீட்டு ஒட்ட எவனுக்கும் உரிமை இல்லை!