எழுத்து தெரிந்தால் போதுமா?

கிளாக்கோமா உள்ள நம் வயதுக்காரர்கள் சிலர், பேரன் ஏற்றிக்கொடுத்த கைப்பேசிச் செயலியில் கடைசி வரிவரை படித்துவிட்டு, "இனி தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம்" என்கிறார்கள். அநியாயம்!

எழுத்து படிப்பது நடுப்பார்வை. இந்நோய் பெரும்பாலும் நடுவை விட்டுவிட்டுச் சுற்றிலும் அரிக்கும். பிரெஞ்சில் 'ஷான் விஸ்யுவேல்' என்போமே, பார்வை வயல். மாடு வரப்போரம் மேய, செயலி நடுவயலைப் பார்த்து விளைச்சல் நன்று என்கிறது. கிண்ணத்துக்குள் முகம் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் ஃபீல்டு டெஸ்ட்தான் (எனக்குத் தூக்கமே வரும்) ஓரத்தைக் காட்டும். 2003இல் வெளியான அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வில், தென் மாவட்டக் கிராமங்களில் கிளாக்கோமா இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதை அறியாமலே இருந்தார்கள். வலி இருந்தால்தானே தெரியும்!

கண் அழுத்தத்தையும் அந்தச் செயலி அளப்பதில்லை. பிறகு எதற்குக் 'கண் பரிசோதனை' என்று பெயர்? 'எழுத்துப் பரிசோதனை' என்று போடட்டும்.