நிலம் மட்டும் திணையன்று: வெப்பமண்டலத் தாவரப் பரவலும் பொழுது என்னும் முதற்பொருளும்

முன்னுரை

ஓரிடத்தில் எவ்வகைத் தாவரங்கள் வளரும், எத்தனை வகைகள் வளரும் என்பதை அங்குப் பெய்யும் மழையின் அளவே முடிவு செய்கிறது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வெப்பமண்டலத்தைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. ஆண்டு முழுவதும் வெப்பம் பெரிதாக மாறாத அந்நிலங்களில், எவ்வளவு மழை என்பதோடு, அது எந்தத் திங்களில் பெய்கிறது, மழையற்ற காலம் எவ்வளவு நீள்கிறது என்பனவும் தாவரங்களின் பரவலை வரையறுக்கின்றன. நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியத்தைக் கற்றோர்க்கு இவ்வுண்மை புதியதாக இருத்தல் கூடாது. ஆயினும் தற்காலத் திணை ஆய்வுகளில் நிலம் பெற்றுள்ள இடத்தைப் பொழுது பெறவில்லை. திணைகள் வரைபடத்தில் குறிக்கத்தக்க நிலப்பகுதிகளாகவும், பெரும்பொழுது அவற்றோடு ஒட்டிய ஓர் அட்டவணைக் குறிப்பாகவும் ஆகிவிட்டன. இக்குறை இலக்கிய விளக்கத்தையும் நிலம் பற்றிய பொதுப் பார்வையையும் ஒருங்கே பாதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மழையின் அளவும் மழையின் காலமும்

தாவரப் பரவலுக்கும் காலநிலைக்கும் உள்ள தொடர்பை முறைப்படி விளக்கியவர்களுள் முதன்மையானவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1802இல் ஆண்டீஸ் மலைத்தொடரின் சிம்போராசோ மலையில் ஏறிய அவர், உயரம் கூடக்கூட வெப்பம் குறைவதையும் அதற்கேற்பத் தாவர வகைகள் அடுக்கடுக்காக மாறுவதையும் 1807இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். பின்னர் ஆல்வின் ஜென்ட்ரி தென்னமெரிக்கக் காடுகளில் மேற்கொண்ட கணக்கெடுப்புகள், மழை மிகுமிடத்து மரம் கொடி வகைகளின் எண்ணிக்கையும் மிகுவதைக் காட்டின. அவ்வுயர்வு ஏறத்தாழ 4,000 மி.மீ. மழையளவோடு நின்றுவிடுகிறது என்பதும் அவர் கண்டதே.

மேற்குத் தொடர்ச்சி மலை இவ்விளக்கத்திற்கு இன்றியமையாத ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறது. மகாராட்டிரத்தின் மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையான நான்கு திங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. அங்குள்ள பசுமைமாறாக் காடு உயரம் குறைந்தது. காயாவும் நாவலும் போன்ற சில மரவகைகளே அதில் மிகுந்துள்ளன. தெற்கே அகத்தியமலைப் பகுதியில் மழையளவு இதைவிடக் குறைவு. எனினும் இரு பருவமழைகளும் கோடைமழையும் கிடைப்பதால் வறண்ட காலம் இரண்டு மூன்று திங்களுக்குள் அடங்குகிறது. வெடிப்பலா, நாங்கு முதலிய மரங்கள் உயர்ந்து நிற்கும் அக்காடுகளில் தாவர வகைகளும் மிகுதி. வேறெங்கும் காணப்படாத வகைகளும் மிகுதி. பசுமைமாறாக் காடுகளின் தாவர வகைகள் வடக்கு நோக்கிக் குறைந்து செல்வதற்கு வறண்ட காலம் நீள்வதே முதன்மைக் காரணம் என்பதைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ழான் பியேர் பாஸ்கல் 1980களில் தம் ஆய்வுகளால் நிறுவினார்.

ஒத்த அளவு மழை பெறும் இரு நிலங்களை ஒப்பிடின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். மத்தியப் பிரதேசத்தின் தேக்குக் காடுகளும் சோழமண்டலக் கரையின் காடுகளும் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 1,000 முதல் 1,200 மி.மீ. மழை பெறுவன. முன்னவை தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. கோடையில் இலையுதிர்ந்து நிற்பவை. பின்னவை ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களின் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியவை. நீண்ட வறட்சியிலும் இலையுதிர்க்காதவை. சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இவை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகள் எனத் தனிவகையாகவே குறிக்கப்பட்டுள்ளன. வேதாரண்யத்தை அடுத்த கோடிக்கரையில் இக்காட்டின் தலைமை மரமாக விளங்குவது பாலை என்றே வழங்கும் மணில்காரா ஹெக்சாண்ட்ரா ஆகும். அதே பருவமழையை நம்பிய இலங்கை வன்னிக் காடுகளிலும் இம்மரம் மிகுந்துள்ளது. இடையிலுள்ள கடல் பிரித்த நிலங்களை ஒரே மழைக்காலம் இணைத்துள்ளது எனலாம்.

பாலை: இடமா, காலமா?

இவ்விடத்தில் திணைக் கோட்பாட்டை மீண்டும் நோக்குதல் தகும். முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் தொல்காப்பியத்தில் உரியனவாக்கப்பட்டுள்ளன. மருதத்திற்கும் நெய்தற்கும் அந்நூல் சிறுபொழுதை மட்டுமே கூறுகிறது. பெரும்பொழுது ஆறும் அவற்றிற்குரியன என்பது உரையாசிரியர் கொள்கை. மழையையே நம்பிய காட்டிற்கும் மலைக்கும் பருவம் வரையறுக்கப்பட, ஆற்றுநீர் பாயும் வயலுக்கும் கடற்கரைக்கும் அவ்வரையறை இல்லாமற்போனது தற்செயலாகத் தோன்றவில்லை.

பாலையோ இதனினும் குறிப்பிடத்தக்கது. தொல்காப்பியம் அதற்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. வேனிலும் நண்பகலும் பின்பனியுமாகிய பொழுதையே வகுத்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே பாலை என்பது ஓரிடத்தின் பெயரன்று; ஒரு நிலம் வறண்ட பருவத்தில் அடையும் நிலையின் பெயர். ஆனால் பள்ளி நூல்கள் தொடங்கிப் பல அறிமுக நூல்கள் வரை ‘மணலும் மணல் சார்ந்த இடமும்’ என்னும் வரையறையே வழங்கிவருகிறது. பாலைவனம் என்னும் பிற்காலச் சொல்லின் பொருள் பழைய திணையின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. மழை வந்தால் தழைக்கும் காடு, இதனால் என்றும் ஒன்றும் விளையாத மணற்பரப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

தாவர அடையாளமும் பருவச் சான்றும்

சங்க இலக்கியத் தாவரங்களை இனங்காணும் பணியில் பி.எல். சாமி முதலியோர் அரிய அடித்தளம் இட்டுள்ளனர். அவ்வழியில் மேற்செல்வோர் பெயரொப்புமை, உருவ ஒப்புமை ஆகியவற்றோடு பருவ ஒப்புமையையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். பாலை என்னும் பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வெட்பாலை வறண்ட காலத்தில் இலையுதிர்த்து, வேனிலில் வெண்ணிறப் பூக்களைத் தருவது. ஏழிலைப்பாலை பசுமைமாறாதது; மழைக்காலத்தை ஒட்டிப் பூப்பது. கோடிக்கரையின் பாலையும் பசுமைமாறாததே. வேனிலில் கனி தருவது. பெயரால் ஒன்றுபடும் இம்மூன்றும் பருவத்தால் வேறுபடுகின்றன. இலையுதிர்ந்த சுரத்தில் வேனிற்காலத்துப் பூத்த மரத்தைப் பாடல் ஒன்று காட்டுமாயின், பருவச் சான்று வெட்பாலைக்கே வலுச்சேர்க்கும். வறண்ட வழியில் தழைத்த நிழலைக் காட்டுமாயின் வேறு முடிவும் கூடும். எல்லாப் பாடலுக்கும் ஒரே மரத்தைப் பொருத்தும் முறை இதனால் மறுபரிசீலனைக்குரியதாகிறது.

காலநிலை மாறத் திணை மாறுதல்

நிலத்தின் தாவர வடிவம் நிலையானதன்று என்பதற்கு நீலகிரியே சான்று. அங்குள்ள சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மட்கிய தாவரங்களின் கரிம வகைகளை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளரும் 1993இல் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் வறண்ட காலத்தில், வறட்சி தாங்கும் புல்வகைகள் அங்கு மிகுந்திருந்தன. பின்னர்ப் பருவமழை வலுத்தபோது ஈரக் காலநிலைக்குரிய தாவரங்கள் பெருகின. புல்வெளி என்பது காடழிந்தபின் எஞ்சிய வெற்றிடமன்று. காலநிலை உருவாக்கிய தொன்மையான தாவரத் தொகுதி என்பது இதனால் தெளிவாகிறது. குளிர்கால உறைபனி சோலை மரங்களின் நாற்றுகளைத் திறந்த வெளியில் வளரவிடாமையும் இப்புல்வெளிகள் நிலைத்தமைக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

இவ்வறிவு பரவாத காலத்தில் அப்புல்வெளிகள் பயனற்றவையெனக் கருதப்பட்டன. அவற்றில் யூகலிப்டசும் வாட்டிலும் பைனும் நடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் வாழிடமும் சுருங்கியது. இவ்வகைப் பார்வை இன்றும் மறையவில்லை. இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதியில் புதர் மண்டிய நிலங்கள் தரிசின் வகையாகவே இடம்பெற்றுள்ளன. வேனிலில் மட்டும் வெறிச்சோடித் தோன்றும் நிலம் ஆண்டு முழுதும் வெற்றிடமாகப் பதிவாகும்போது, அங்கு எதை நட்டாலும் நன்மையே என்னும் முடிவு எளிதாகிவிடுகிறது. பாலையை மணலாகக் கற்பிக்கும் வரையறையும் இதே பார்வைக்குத் துணைபோகிறது.

எழத்தக்க மறுப்பு

திணை என்பது புலனெறி வழக்கு; அது தாவரவியல் கணக்கெடுப்பன்று என்னும் மறுப்பு இங்கு எழலாம். அது வலுவான மறுப்பே. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வருதலைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொள்கிறது. எனவே சங்கப் பாடல்களைக் கொண்டு பண்டைக் காலநிலையை நேரடியாக மீட்டெடுக்க முயல்வது முறையாகாது. இங்கு வலியுறுத்தப்படுவது அதுவன்று. கவிதை மரபாயினும், அம்மரபு தன் முதற்பொருளாகத் தேர்ந்துகொண்டவை இரண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் விளக்கி மற்றொன்றை விடுத்தல் அம்மரபிற்கே மாறானது. மயக்கம் எங்கே நிகழ்ந்துள்ளது என்பதை உணர்வதற்கும் இயல்பான பருவம் எது என்னும் அறிவு முதலில் வேண்டப்படுகிறது.

முடிவுரை

பருவமழையின் தொடக்கமும் முடிவும் மாறிவரும் இக்காலத்தில், மழையளவு குறையாமலே வறண்ட காலம் நீளக்கூடும். அவ்வாறு நேரின், குறுகிய வறட்சிக்குப் பழகிய தென்மலைத் தாவரங்களே முதலில் பாதிப்புறும். இந்நிலையில் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன மூன்று. பாலைக்கு வழங்கும் மணல் வரையறை பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டு, பொழுதை அடிப்படையாகக் கொண்ட விளக்கம் இடம்பெற வேண்டும். தாவர அடையாள ஆய்வுகள் பூக்கும் காலம், இலையுதிரும் காலம் ஆகியவற்றைத் தாவரவியல் துறையினரோடு இணைந்து ஒப்பிட வேண்டும். கல்வி வளாகங்களில் அமைக்கப்படும் ஐந்திணைத் தோட்டங்கள் ஆண்டு முழுதும் நீர் பாய்ச்சிப் பசுமை காட்டும் காட்சிப்பொருள்களாக நின்றுவிடாமல், ஒவ்வொரு செடியும் எப்போது துளிர்த்தது, எப்போது பூத்தது, எப்போது உதிர்ந்தது என்பதை மாணவர் ஆண்டுதோறும் பதிவு செய்யும் களங்களாக வேண்டும். பொழுதை முதற்பொருளாக வைத்த மரபு, பொழுது மாறும் காலத்தில் அதைக் குறித்துவைக்கும் கடமையையும் தன் மாணவர்க்கு விட்டுச் சென்றுள்ளது.