"தானாவே வந்துடும்" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரவிவர்மாவின் சரஸ்வதி படத்தை ஒருவர் போட்டிருந்தார். "எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஓவியம் படிக்காதவர். திறமை இருந்தா தானாவே வந்துடும். இதுக்கு எதுக்கு டிராயிங் வாத்தியார், டிராயிங் பீரியட்?" என்று கீழே ஒரு வரி. முப்பது கைதட்டல்கள். கைதட்டியவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. குழுவில் சண்டை வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரவிவர்மா 1848-ல் கிளிமானூரில் பிறந்தார். ஓவியப் பள்ளி எதிலும் சேர்ந்ததில்லை. உண்மை. ஆனால் "தானாவே" வந்தாரா?

சுவரில் கரியால் கிறுக்கிய பையனை அடிக்காமல், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. அவரே ஓவியர். 14 வயதில் பையனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் காட்டியவரும் அவர்தான். மகாராஜா தங்கிப் படிக்க இடம் கொடுத்தார். அரண்மனையில் பார்த்துப் பழக ஐரோப்பிய ஓவிய நூல்கள் இருந்தன. சோற்றுக்குக் கவலை இல்லை. நம் அரசுப் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு மாமா இருக்கிறார்?

அவருக்குக் கிடைக்காதது ஒன்று உண்டு. அது எண்ணெய் வண்ண நுட்பம். அரண்மனை ஓவியர் கற்றுத்தர மறுத்தார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, வரையும்போது நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது.

எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வது. அதனால்தான் முகத்தில் வெளிச்சமும் நிழலும் ஒன்றுக்குள் ஒன்று கரைவதுபோல் வரைய முடிகிறது. ஆனால் எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடிய பூச்சு மேலே என்று வர வேண்டும். மாற்றிப் பூசினால் பின்னாளில் படம் வெடிக்கும். சொல்லித்தர ஆள் இருந்தால் இது ஒரு காலைப்பொழுதில் முடிகிற பாடம். ஆள் இல்லாதவன் படங்களைப் பாழாக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இளைஞர் விடாமல் போராடி, 1873-ல், 25 வயதில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண் ஓவியத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப்பதக்கம் வாங்கினார். அதே படம் வியன்னாவிலும் பரிசு பெற்றது.

இந்தக் கதையைக் கேட்டு "பார்த்தீர்களா, வாத்தியாரே தேவையில்லை" என்று முடிவுக்கு வருவது என்ன நியாயம்? ஒருவர் ஆற்றை நீந்திக் கடந்தார் என்பதற்காகப் பாலத்தை இடிப்போமா? அந்தக் கதையில் எனக்குத் தெரிவது, வித்தையை ஒளித்துவைத்த இரண்டு பேர். ஒரு வாத்தியாராக எனக்கு அது வெட்கம்.

இன்னொரு ஏளனமும் அதே குழுவில் வந்தது: "என்ன இருந்தாலும் காலண்டர் படம்தானே, வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பி." புதிய பேச்சு இல்லை. யாழ்ப்பாணத் தமிழர் மகனான ஆனந்த குமாரசுவாமியே ரவிவர்மாவைக் கடுமையாக விமர்சித்தவர்தான். தேவியர் எல்லாரும் ஒரே நிறத்தில், பணக்கார வீட்டுப் பெண்கள்போல் இருக்கிறார்கள் என்ற குறையில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1893-ல் சிகாகோவுக்கு அனுப்பிய 10 ஓவியங்களில் ஒன்று ஏழை நாடோடித் தாயும் குழந்தைகளும். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள ஓவியத்தில் பல பகுதிகளைச் சேர்ந்த 11 பெண்கள் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் உடையையும் நகையையும் பாருங்கள். இதை வெள்ளைக்காரனைப் பார்த்து எப்படிக் காப்பி அடிப்பது?

காலண்டர் என்பது இழிவும் இல்லை. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி அரண்மனைப் படங்களைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-ல். கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுச் சுவரில் லட்சுமியும் சரஸ்வதியும் வந்து உட்கார இந்த அச்சுப்படங்கள் வழி செய்தன. அச்சகம் கடனில் மூழ்கி, 1901-ல் அதை ஒரு ஜெர்மானியருக்கு விற்க வேண்டி வந்தது. 1906-ல் அவர் மறைந்தபோது நம் பாரதி கவிதை எழுதினார். பாரதிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையா?

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 34 வருடம் பாடம் நடத்தியவன் நான். தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல்போவது டிராயிங் பீரியட்தான். கணக்கோ அறிவியலோ அதை எடுத்துக்கொள்ளும். 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்விக்கெல்லாம் பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டுப் பல வருடம் தெருவில் நின்றவர்கள் அவர்கள். "திறமை தானாவே வந்துடும்" என்ற வாக்கியம் யாருக்கு வசதி என்று இப்போது புரிகிறதா? சம்பளம் கொடுக்க விரும்பாதவர்களுக்கும், பீரியடைப் பிடுங்குகிறவர்களுக்கும்தான்.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளை சனி, ஞாயிறு கட்டணம் கட்டி ஓவிய வகுப்புக்குப் போய்விடும். கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளைக்கு அந்த ஒரு பீரியட்தான் எல்லாமே. "செல்போன்ல போட்டோ எடுத்துக்கலாமே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவின் கையை வரைய ஒரு மணி நேரம் உட்காரும் பிள்ளை, அந்தக் கையில் உள்ள காய்ப்பையும் தழும்பையும் முதல்முறையாகப் பார்க்கிறது.

உங்களில் பலர் இன்று பெற்றோர், சிலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்கள், நாலைந்து பேர் தலைமையாசிரியர்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: கால அட்டவணையில் ஓவியம் எந்தக் கிழமை? போன மாதம் அது உண்மையில் நடந்ததா? பதிலைக் கீழே, பள்ளிப் பெயர் போடாமல், எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

கைதட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தப்பு விடைக்குச் சிவப்பு மை போடுவது பழைய பழக்கம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்