தாளம் வாசித்தது யார்?

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்ப்பெயர்களெல்லாம் நாடு என்றே முடியும். சாமை அறுப்பு முடிந்த ஒரு சமயம், நெல்லிவாசல்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மைக்செட்காரர் புளியமரக் கிளையில் குழாயைக் கட்டியிருந்தார். காலையிலிருந்து புதுப் பாட்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் ‘மச்சானப் பாத்தீங்களா’ வந்தது. அடுப்படியில் இருந்த வயதான பெண்கள் வேலையை நிறுத்தாமலே கூடப் பாடினார்கள். சரணத்தில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கல்யாணத்துக்கு மேளம் வாசிக்க வந்த பெரியவர். விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்ததும் கேட்டார்: “சார், இது பாடுனது ஜானகியம்மா. அது தெரியும். தாளம் வாசிச்சது யாருங்க?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடமாக இந்தப் பாட்டைக் கேட்டவன், இதைப் பற்றிப் பேசியவன், எழுதியவன். அந்தக் கேள்வி மட்டும் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வாசிக்கிற ஒருவருக்குத்தான் அது தோன்றியது.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976 மே 14 அன்று. தேவராஜ்–மோகன் இயக்கம், சிவகுமாரும் சுஜாதாவும் நடித்த கறுப்பு வெள்ளைப் படம். மாயாற்றங்கரையில், நீலகிரி அடிவாரத்துத் தெங்குமரஹடாவில் படப்பிடிப்பு நடந்தது. ஆற்றைப் பரிசலில் கடந்து போகவேண்டிய ஊர் அது. படத்துக்குப் பாட்டு போட்டார்கள் என்பதைவிடப் பாட்டுக்குப் படம் எடுத்தார்கள் என்பதுதான் சரி. இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த ராஜா, தான் போட்டு வைத்திருந்த மெட்டுகளைப் பஞ்சு அருணாசலத்திடம் பாடிக் காட்டியிருந்தார். பஞ்சு, கண்ணதாசனின் அண்ணன் மகன், அவரிடமே உதவியாளராக இருந்து பாட்டெழுத வந்தவர். அந்த மெட்டுகள் அவர் மனத்தைவிட்டு இறங்கவில்லை. அவற்றைத் தாங்கக்கூடிய ஒரு கதைக்காகக் காத்திருந்தார். ஆர். செல்வராஜ் ஒரு கிராமத்து மருத்துவச்சியின் கதையைச் சொன்னார். அதுதான் ‘அன்னக்கிளி’ ஆயிற்று. பாட்டுகளைப் பஞ்சுவே எழுதினார். ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருக்கிறாரே என்று, இந்த ராஜாவுக்கு முன்னால் ‘இளைய’ சேர்த்ததும் அவர்தான்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர், அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர் என்பதையெல்லாம் நாம் ஓயாமல் சொல்லிக்கொள்கிறோம். அவர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றவர், லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வுகளை எழுதியவர், அடுத்தவர் படங்களில் கூலிக்குக் கிட்டாரும் ஆர்கனும் வாசித்தவர் என்பதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறோம். எழுபதுகளில் உலகமெங்கும் கிட்டார்தான் இளைஞர்களின் வாத்தியம். தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளிலும் ‘ஆராதனா’, ‘பாபி’, ‘யாதோன் கி பாராத்’ என்று இந்திப் பாட்டுகள் ஒலித்த காலம். அந்தக் காலத்தில் கிட்டார் படித்த ஒருவர், தான் முதலில் பதிவு செய்யும் பாட்டாக ஒரு கிராமத்துப் பெண்ணின் கேள்வியை எடுத்துக்கொண்டார். பட்டணத்துக்கும் காட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு பாலம் அதற்கு முன்னால் இருந்ததில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

இனி அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போவோம்.

அன்றைய சென்னையில் ஒரு பாட்டின் பதிவு என்பது ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே கால்ஷீட்டில் முடிந்துவிடுகிற காரியம். காலை வாத்தியக்காரர்கள் வருவார்கள். இசையமைப்பாளர் எழுதிய ஸ்கோரிலிருந்து அவரவர் பகுதியை அவரவர் நோட்டில் பிரதியெடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒத்திகை. வயலின்காரர்கள் ஒரு கூட்டமாக, புல்லாங்குழல் மைக்குக்குப் பக்கத்தில், சத்தம் கூடுதலான வாத்தியங்கள் தள்ளி. தாள வாத்தியங்களுக்கு மறைப்பு. பாடுகிறவருக்குக் கண்ணாடி போட்ட தனி அறை. யார் எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்பதிலேயே பாதி ஒலிப்பதிவு அடங்கியிருந்தது. மைக் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான். ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு வாத்தியத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு ‘பேலன்ஸ்’ பார்ப்பார். ஒரு மானிட்டர், இன்னொரு மானிட்டர். அப்புறம் ‘டேக் போலாம்’.

அந்தச் சொல் விழுந்ததும் அறையில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. எல்லோருடைய ஒலியும் கலந்து ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் பதிவாகும். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் ஒரே ஓட்டம். மூன்றாவது சரணத்தில் ஒரு வில் நழுவினால் நாற்பது பேரானாலும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. தவறைத் தனியாக எடுத்துத் துடைக்க முடியாது. நன்றாக அமைந்த ஒன்றைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டுகளும் அப்படித்தான் பிறந்தன.

எஸ். ஜானகி 1957 முதல் பாடி வந்தவர். தாய்மொழி தெலுங்கு. கையில் ஒரு கைக்குட்டையோடு உடம்பு அசையாமல் நின்று பாடுவார், குரல் மட்டும் ஆடும், ஓடும், குழையும். இசையமைப்பாளராகப் புதியவரான ஒருவரின் முதல் பாட்டுக்கு, ஏறத்தாழ இருபது வருட அனுபவம் உள்ள குரல் மைக் முன் வந்து நின்றது.

பூஜை போட்டாயிற்று. எல்லோரும் தயார். தொடங்கவேண்டிய அந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது.

இதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஏவி.எம். ஸ்டுடியோ இருளில் கிடந்தது. சகுனம் பார்க்கிற தொழில் சினிமா. முதல் படம், முதல் பாட்டு, முதல் டேக், விளக்கு அணைகிறது. வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அவர்களில் பலர் முந்தின வாரம்வரை அவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்களாக இருக்கவேண்டும். சக வாத்தியக்காரன் இன்று எதிரில் நின்று கை காட்டுகிறான். அவன் தலைவிதியின் ஒரு பகுதி தங்கள் விரலிலும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மின்சாரம் திரும்பியது. பாட்டு பதிவாயிற்று. நெல்லிவாசல்நாட்டுப் புளியமரத்தில் நான் கேட்டது அந்த நாளின் காற்றைத்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில், கடல் கடந்து இன்னொரு பாட்டு உருவானது. வேல்ஸ் நாட்டில் மான்மத் ஊருக்குப் பக்கத்தில் ராக்ஃபீல்டு என்ற பால்பண்ணை. அதை நடத்திய வார்டு சகோதரர்கள் பண்ணைக் கட்டடங்களையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். 1975 ஆகஸ்டில் குயீன் குழுவினர் அங்கே ‘பொஹீமியன் ராப்சடி’யின் பதிவைத் தொடங்கினார்கள். அதைப் போட்ட ஃப்ரெடி மெர்க்குரி, சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை. இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. பள்ளிப் படிப்பு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், பஞ்ச்கனியில். பியானோ பழகியதும் முதல் குழு சேர்த்ததும் அந்த மலையூர்ப் பள்ளியில்தான்.

அந்தப் பாட்டுக்கு 24 தடங்கள் கொண்ட நாடா. மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் நாள்கணக்கில் பாடிப் பாடிக் குரல்மேல் குரலாக அடுக்கினார்கள். தடங்கள் நிறைந்ததும் அவற்றைக் கலந்து வேறு தடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் மீண்டும் பாடினார்கள். அடுக்கியவை ஏறத்தாழ 180 என்பது கணக்கு. திரும்பத் திரும்ப ஓடியதில் நாடாவின் மேல்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்று அவர்கள் சொல்வார்கள். பல கூடங்கள் மாறி, வாரக்கணக்கில் உழைத்து, 1975 அக்டோபர் 31 அன்று 5 நிமிடம் 55 விநாடி நீளத்தில் பாட்டு வெளிவந்தது. ‘அன்னக்கிளி’க்கும் அதற்கும் ஏழு மாத இடைவெளிகூட இல்லை.

அங்கே மூன்று குரல் ஒரு பெருங்கூட்டமாகப் பெருகியது. இங்கே ஒரு கூட்டமே ஒரே மூச்சாகச் சுருங்கியது. எது உயர்ந்தது என்று நான் கேட்கமாட்டேன். இரண்டும் உழைப்பு, இரண்டும் கலை. என்னை உறுத்துவது வேறு. அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தது யார் என்று உலகின் எந்த மூலையில் கேட்டாலும் பதில் கிடைக்கும். பேஸ் கிட்டார் ஜான் டீக்கன், தயாரிப்பு ராய் தாமஸ் பேக்கர், எந்தக் கூடத்தில் எந்தப் பகுதி என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாடாவைத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே கேட்டுக் காட்டும் படங்கள்கூட எடுத்துவிட்டார்கள். நம் பாட்டில் பிரித்துக் கேட்கத் தனித் தடம் கிடையாது. அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பது மனிதர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்க முடியும்.

‘வசதி இல்லாத ஊர், எப்படிக் குறித்து வைப்பார்கள்’ என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அவர்களுக்கு நான் இதே ஜவ்வாது மலையைக் காட்டுவேன். காவலூர் வானாய்வகம் இந்த மலையில்தான் இருக்கிறது. ‘அன்னக்கிளி’ வெளிவந்த பத்தாம் மாதம், 1977 மார்ச் 10 இரவு, ஒரு விண்மீனை யுரேனஸ் கோள் மறைக்கும் நிகழ்வை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாகப் பார்த்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பாகவே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்ட இரவு அது. காவலூரில் அதைப் பதிவு செய்தவர்கள் ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி. பெயர், நாள், நேரம் எல்லாம் அச்சில் இருக்கின்றன. சில விநாடி ஒளி மங்கியதைக்கூட ஆள்பெயரோடு குறித்து வைத்த மலை இது. ஆகவே வசதிக்குறைவு காரணமில்லை. வாத்தியம் வாசித்தவரின் பெயர் குறிக்கத்தக்கது என்று நாம் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் வரும். வாசித்தவர்களுக்கு அங்கே இடம் இருந்ததில்லை. ஷெனாய் சத்தியம், புல்லாங்குழல் நஞ்சப்பா என்று சிலர் மட்டும் வாத்தியத்தையே முதல்பெயராக்கிக்கொண்டு நம் காதுவரை வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் கால்ஷீட் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு வாத்தியப் பெட்டியை மூடி, அடுத்த ஒலிப்பதிவுத் தியேட்டருக்குப் பஸ் ஏறினார்கள். அவர்கள் கூலிக்கும் மரியாதைக்கும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் முன்னின்று சங்கம் கண்டார். தென்னிந்தியத் திரையுலகுக்கே முன்னுதாரணமான காரியம் அது. கூலிக்குச் சங்கம் வந்தது. பெயருக்கு ஒரு ஏடு வரவில்லை.

மேளக்காரப் பெரியவரின் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தன் தொழில்காரன் ஒருவனைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான். அவர் வாசித்ததையும் அன்று யாரும் பதிவு செய்யவில்லை. மணமகன் ஊர்வலத்தில் ஐம்பது செல்போன்கள் உயர்ந்தன, எல்லாம் மணமக்களை நோக்கி. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் கல்யாணப் பாட்டும், நடவுப் பாட்டும், இழவுப் பாட்டும் பாடுகிறவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. சென்னையின் குளிரூட்டிய அறையில் வாசித்தவருக்கும் மலையில் வாசித்தவருக்கும் நாம் செய்தது ஒன்றேதான்.

அந்தக் கூடங்களில் இருபத்தைந்து வயதில் வில் பிடித்தவருக்கு இன்று எழுபத்தைந்து. கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் வடபழனியிலும், பிள்ளைகள் வீட்டு மாடியறைகளிலும், இன்னும் பலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எதிரில் உட்காருங்கள். செல்போனைப் பதிவில் போட்டுவிட்டு மேசைமேல் வையுங்கள். எந்த வருடம், எந்தத் தியேட்டர், எத்தனை மைக், இடப்பக்கம் உட்கார்ந்தவர் யார், வலப்பக்கம் யார் என்று கேளுங்கள். பழைய நோட்டுப் புத்தகம் பரணில் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள், அதில் அவர் கைப்பட எழுதிய ஒரு முன்னிசை இருக்கலாம். பேர் விட்டுப்போனால் மறுவாரம் போய்த் திரும்பக் கேளுங்கள்.